டீப்பொண்ணு கொலை செய்வாளா?

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. சலவை நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவள் உட்பட. அங்கே அவள் 'ஒரு பேப்பர்'. "ஒரு பேப்பர், அந்தத் தலையணை உறைக் கட்டை இப்படித் தள்ளு." "ஏன், இன்னிக்கு ஒரு பேப்பர் லீவா?" இப்படித்தான்.

இந்தப் பட்டம் வரக் காரணம் அவளுடைய சொந்த வாய்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, "என்ன படிச்சிருக்க?" என்று யாரோ ஒப்புக்குக் கேட்டார்கள். ஏதோ படித்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவளோ, "பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி" என்று சொல்லித் தொலைத்தாள். அதற்கு மேல் கேட்கவா வேண்டும்! சாப்பாட்டு நேரத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஒரு பேப்பர் ஒரு துப்பறியும் நாவல். கவிதைகளை உருப்போட்டுத் தேறினாள். நாடகங்களுக்குக் கடையில் நோட்ஸ் கிடைத்தது. துப்பறியும் நாவல்தான் கழுத்தை அறுத்தது. பழைய காலத்துப் பேர் பெற்ற ஆங்கில நாவல் அது. முதல் பக்கத்திலேயே ஒரு மாளிகைக்குள் ஒரு கும்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தர் பெயரும் வாயில் நுழையாது, நுழைந்தாலும் நிற்காது. யார் மாமன், யார் மச்சான் என்று பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் மூன்றாம் பக்கம் வந்துவிடும். மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். எழுதிய தடவையெல்லாம் கொலையாளி இவர், இவர் என்று ஆளுக்கு ஒரு வாய்ப்பாகக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை செத்துப்போனவரையே கொலையாளி ஆக்கிவிட்டு வந்தாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பரீட்சை முடிவு வந்திருக்கவில்லை. "எம் பொண்ணு பாஸ் பண்ணாம இருப்பாளா?" என்று அவளுடைய அப்பா கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று கொட்டை எழுத்தில் அடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். பத்திரிகை போன பிறகுதான் முடிவு வந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு எழுத்தும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தன. அலமாரியில் எதையாவது தேடும்போது அந்தப் பத்திரிகை கண்ணில் பட்டால், திருட்டுப் பொருளைப் பார்த்தவள் மாதிரி படக்கென்று கதவைச் சாத்துவாள். கணவர் டவுன் பஸ் டிரைவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். "விடும்மா, அதை யாரு எடுத்துப் பாக்கப் போறாங்க?" என்பார். அவளால் விடவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. மகள் பிறந்து வளர்ந்து அதே கல்லூரியில் போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

அந்த மகள்தான் ஒரு நாள் சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்ததும் எறியாததுமாகச் செய்தி கொண்டுவந்தாள். "அம்மா, பழைய சிலபஸை மூடப் போறாங்களாம். உன்னை மாதிரி அரியர் வச்சிருக்கிறவங்களுக்குக் கடைசியா ஒரு சான்ஸ். எழுத்துப் பரீட்சைகூட இல்ல, மேடம் நேர்ல உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க. இதுவும் போச்சுன்னா மொத்தமும் போச்சு."

"மொத்தமும்னா?"

"பாஸ் பண்ணின மத்த பேப்பரும் செல்லாது. நாளைக்கு நான் டிகிரி வாங்கறப்ப நீ கீழ உக்காந்து அரியரோட கைதட்டுவ. எனக்குத்தான் மானம் போகும்."

பெற்ற பெண் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டுமா! அன்றைக்கே பரணிலிருந்து நாவலை இறக்கித் தூசி தட்டினாள். மறுநாள் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும் எடுத்துக்கொண்டு போனாள். புத்தகம் போனது, வந்தது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது மடிக்கும் பகுதியில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, சூடாக இவர்களிடம் வந்து சேரும். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, இழுத்துப் பிடித்து, பாதியாக்கி, நடந்து வந்து ஒருத்தி கையில் இன்னொருத்தி முனையைக் கொடுக்க வேண்டும். விலகுவதும் நெருங்குவதுமாக நாள் முழுக்க இதே வேலை. எதிர்முனையில் நிற்பவளோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு விரிப்பும் நேராக மடியாது.

இவளுடைய எதிர்முனை, 'போலீஸ் அக்கா'. போலீசுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தலையணை உறை ஒன்று குறைந்தால் சுவரில் இருக்கும் பல்லியைக்கூட முறைத்துப் பார்ப்பாள். வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"அடியே ஒரு பேப்பர், அந்தப் புத்தகத்தைச் சோத்துப் பையில வச்சு ஊறப் போட்டிருக்கியே, அதுல என்னதான்டி கதை?" என்றாள் போலீஸ் அக்கா, முனையை வாங்கிக்கொண்டே.

"ஒரு பெரியவரு செத்துப் போயிடறாருக்கா."

"எப்படி?"

"யாரோ கொன்னுடறாங்க."

"அதான் யாருங்கறேன்."

"தெரியலையே."

"நல்லா இருக்குடி நீ கதை சொல்ற லட்சணம். வீட்டுக்குப் போயி ஒரு அத்தியாயம் படிச்சிட்டு வந்து சொல்லு. சாவு வீட்டுச் சமாசாரத்தைப் பாதியில விடக் கூடாது, எனக்குச் சோறு இறங்காது."

போலீஸ் அக்கா சொன்னால் சொன்னதுதான். சாயங்காலம் கணவர் சமையலைப் பார்த்துக்கொண்டார், மகள் டிவியை அணைத்தாள், இவள் அகராதியும் கையுமாக உட்கார்ந்தாள். நாளைக்கு நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றதும் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக வராத புத்தி ஒன்றும் வந்தது. வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, பெரியவர், பெரிய மருமகள், சூதாடி மகன், மேனேஜர், தோட்டக்காரன் என்று உறவும் வேலையும் வைத்துப் பிரித்துக்கொண்டாள். அவ்வளவுதான், மாளிகைக்குள் எல்லாரும் அவரவர் இடத்தில் போய் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் மடிக்கும் மேஜையில் கதை ஆரம்பமானது. பணக்காரப் பெரியவர், மகா கஞ்சர், கண்ணாடிக் கூரை போட்ட செடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்கால டீ போகிறது. கொண்டுபோன வேலைக்காரப் பெண் வெளியே வந்து, "ஐயா சர்க்கரை போதும்னு சொல்லிட்டார்" என்கிறாள். அரை மணி கழித்து மருமகள் உள்ளே போய்ப் பார்த்தால், பித்தளை விளக்குத் தண்டால் மண்டையில் அடி. மனுஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. துப்பறிகிறவர் வருகிறார். தீராத ஜலதோஷக்காரர், மூக்கைச் சிந்திச் சிந்தியே எல்லாரையும் விசாரிக்கிறார்.

பக்கத்து மேஜைக்காரிகளும் காதைத் தீட்டினார்கள். இஸ்திரி போடுகிறவர்கள் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மருமகளைப் பற்றியோ சூதாடி மகனைப் பற்றியோ அக்கறை இல்லை.

"அந்த டீ கொண்டு போன பொண்ணு என்ன ஆனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவளைப் பத்தி அப்புறம் ஒண்ணும் போடலையே" என்றாள் ஒரு பேப்பர்.

"அதெப்படி? வீட்ல ஒரு சாவு. அத்தனை பேருக்கும் காபி, டீன்னு அவதானே ஓடியிருப்பா. பாவம், அவ சாப்பிட்டாளா?"

ஒரு பேப்பர் ஒரு கணம் யோசித்தாள். புத்தகத்தில் இல்லை. ஆனால் இத்தனை முகம் ஆவலாகப் பார்க்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சாப்பிட்டா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வந்தது வினை. மறுநாள் டீப்பொண்ணு எங்கே படுத்துக்கொள்வாள் என்றார்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தாள். ஜன்னல் உண்டா என்றார்கள். உண்டு என்றாள். ஜன்னல் வந்தால் அதற்கு வெளியே யாராவது நிற்க வேண்டாமா? தோட்டக்காரன் வந்து நின்றான். புத்தகத்தில் அவன் அசல் முசுடு, ஒரே ஒரு பக்கம் வந்து துப்பறிகிறவரை முறைத்துவிட்டுப் போவான். இவளுடைய கதையிலோ அவன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலையே சுற்றிச் சுற்றி வந்தான். அத்தியாயம் ஏற ஏற, புத்தகத்தில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இல்லாததை விஸ்தாரமாக அளந்துவிட்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குஷி பிறந்தது. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விட்டவள், இப்போது வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுமுன் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தாள்.

சூப்பர்வைசர் மட்டும் கடுகடுவென்றிருந்தார். "இது சலவை நிலையமா, சினிமாக் கொட்டகையா?" என்று இரண்டு நாள் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் மடிக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று, ஏற்கெனவே எண்ணி முடித்த துண்டுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். நான்காம் நாள், "நேத்து நான் வெளிய போயிட்டேன். அந்த மேனேஜர் சாவியை யார்கிட்ட கொடுத்தான்?" என்று தணிந்த குரலில் கேட்டார். கதையில் வரும் மேனேஜர் கணக்கு வழக்கில் கறாரான ஆள். சூப்பர்வைசருக்கு அவனைப் பிடித்துப்போனது.

கடைசியில் ஒரு சுபயோக சுபதினத்தில், பெட் ஷீட்டுகளுக்கு நடுவே, டீப்பொண்ணுக்கும் தோட்டக்காரனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மேஜையைச் சுற்றி ஒரே கைதட்டல். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் போறோம்" என்றாள் இஸ்திரிக்காரி. "அவ கையால ஒரு டீ வாங்கிக் குடிக்கணும்."

"நீங்க குடிங்க. அவ டீ எனக்கு வேணாம்" என்றாள் போலீஸ் அக்கா.

"ஏங்க்கா, அவமேலயுமா சந்தேகம்?" என்று எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ் அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எதிர்முனையில் ஒரு பேப்பரின் முகம் பூரித்துப் போயிருந்தது. "எனக்கு டீயே ஆகாதுடி, வாயு" என்று சொல்லிவிட்டு விரிப்பை உதறினாள்.

பரீட்சைக்குச் சில நாளே இருக்கும்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தொட்டாள். படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தாள். அகராதியைப் புரட்டி, தான் புரிந்துகொண்டது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தாள். தப்பே இல்லை.

கொலையாளி டீப்பொண்ணு.

பெரியவர் நொடித்துப்போக வைத்துத் தெருவில் நிறுத்திய ஒரு குடும்பத்தின் மகளாம் அவள். பழிதீர்க்கத்தான் வேலைக்காரியாக உள்ளே வந்தாளாம். டீ கொண்டு போவதற்கு முன்பே பெரியவர் கதையை முடித்துவிட்டாள். அதன் பிறகு தட்டோடு போய்வந்து, "சர்க்கரை போதும்னு சொல்லிட்டார்" என்று சொன்னதால்தான், அதுவரை அவர் உயிரோடு இருந்தார் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

கணவர் டியூட்டி முடிந்து வந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் பிரமை பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா போயிட்டாங்க?" என்று பதறினார்.

"டீப்பொண்ணுங்க! அவதாங்க கொன்னிருக்கா! நான் அவளுக்குக் கல்யாணமே பேசி முடிச்சிட்டேன். அத்தனை பேரும் அவமேல உசிரா இருக்காங்க. நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அவர் பாலை இறக்கி வைத்துவிட்டு நிதானமாக யோசித்தார். "மாத்திச் சொல்லிடு."

"இதென்ன உங்க பஸ் ரூட்டா?"

"அதேதான். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தா என்ன பண்றோம்? சுத்திப் போறோம். ஜனங்க பத்திரமா வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதானே? பரீட்சையில மட்டும் நேர் ரூட்டைச் சொல்லிடு."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு பேப்பர் மேஜைக்கு வந்தாள், தொண்டையைக் கனைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு கொலையைத் தூக்கி மேனேஜர் தலையில் போட்டாள். கணக்கில் கை வைத்தான், பெரியவர் கண்டுபிடித்தார், விளக்குத் தண்டை எடுத்தான். "எனக்கு முதல்லயே தெரியும்!" என்று எல்லாரும் கூவினார்கள். "எனக்கும்தான்" என்றாள் போலீஸ் அக்கா, கொஞ்சம் தாமதமாக. டீப்பொண்ணு கல்யாணம் கோலாகலமாக நடந்து முடிந்தது.

ஒரே ஒருவர் மட்டும் கையில் துண்டுக் கட்டோடு அப்படியே நின்றார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தன்னைத் திரும்பிப் பார்த்தது சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க. கொலைன்னா உடனே மேனேஜர்தானா? கறாரா வேலை வாங்கினா கொலைகாரனா?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று போனார். அன்றைக்கு முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

இதெல்லாம் கதை. பரீட்சை என்று ஒன்று நிஜமாகவே வந்தது. கல்லூரியில் நீளமான வராந்தா, கடைசி அறை. பேராசிரியை இவளைவிட வயதில் சின்னவள், கண்டிப்பான முகம், கையில் மூடி திறந்த பேனா.

"உக்காருங்க. ரொம்ப வருஷத்துப் பேப்பர் போலிருக்கே" என்றாள் பேராசிரியை. "சுலபமான கேள்வியிலேருந்து ஆரம்பிக்கலாம். கொலை செஞ்சது யாரு?"

"மேனேஜர்" என்றாள் ஒரு பேப்பர், பட்டென்று.

பேனா நின்றது. "எந்தப் புத்தகத்தைப் படிச்சீங்க?"

அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. போச்சு! இத்தனை வருஷம் கழித்து, புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு வந்து, முதல் கேள்வியிலேயே மண்ணைக் கவ்வினாள். மகளின் முகம், பத்திரிகையின் கொட்டை எழுத்து, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. அழுகையை அடக்கிக்கொண்டாள். இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியதும் நாக்குக் கட்டு அவிழ்ந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்துகட்டி, வருகிற வேகத்தில் கொட்டித் தீர்த்தாள்.

"மேடம், கொன்னது வேலைக்காரப் பொண்ணு. எனக்குத் தெரியும். ஆனா அதை என்னால எங்க சலவை நிலையத்துல சொல்ல முடியல. அங்க கதையை மாத்திட்டேன். மாத்தினதையே சொல்லிச் சொல்லி வாயில அதுதான் வருது. என்ன நடந்ததுன்னா மேடம், முதல் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு டீ கொண்டு வர்றா. கடைசி அத்தியாயம் வரைக்கும் அவளுக்குப் பேரே கிடையாது. அந்த வீட்டு நாய்க்குக்கூடப் பேர் இருக்கு. படிக்கிறவங்க தட்டைத்தான் பாப்பாங்க, தட்டைத் தூக்கிட்டு வர்றவளைப் பாக்க மாட்டாங்கன்னு எழுதினவருக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் அவளை அங்க ஒளிச்சு வச்சிருக்காரு. ஆனா எங்க ஆளுங்க முதல் நாளே அவளைத்தான் பாத்தாங்க. சாப்பிட்டாளான்னு கேட்டாங்க. நான் சாப்பிட்டான்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்னால அவளைச் சந்தேகப்பட முடியல மேடம். மத்தவங்க அவளைப் பாக்காம ஏமாந்தாங்க. நாங்க அவமேல பாசம் வச்சு ஏமாந்தோம்."

பேராசிரியை எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அப்புறம் சர்க்கரை விஷயத்தைக் கேட்டாள், இவள் சொன்னாள். விளக்குத் தண்டைக் கேட்டாள், சொன்னாள். சூதாடி மகன் அன்று எங்கே இருந்தான், மருமகள் ஏன் பொய் சொன்னாள் என்று எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வந்தது. தினமும் மேஜையில் நாலு பேர் குறுக்குக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்த கதை ஆயிற்றே.

"முதல் கேள்விக்கு மார்க் தர முடியாது" என்றாள் பேராசிரியை கடைசியில். "மத்ததைப் பாக்கறேன். ரிசல்ட் போர்டுல போடுவாங்க."

ஒரு பேப்பர் எழுந்து கதவு வரைக்கும் போனதும், பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம். உங்க கதையில அந்தப் பொண்ணு யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

"தோட்டக்காரனை, மேடம்."

"அந்த முசுடையா!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள் பேராசிரியை.

அந்தச் சிரிப்பை நல்லதற்கு எடுத்துக்கொள்வதா கெட்டதற்கு எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், முடிவு வரும் வரை ஒரு பேப்பர் அரை உயிராகத்தான் நடமாடினாள். மேஜையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதே என்று போலீஸ் அக்கா கண்ணாலேயே எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

முடிவு சலவை நிலையத்து போனுக்குத்தான் வந்தது. போர்டைப் பார்த்த மகள் அங்கிருந்தே கூப்பிட்டுவிட்டாள். எடுத்தவர் சூப்பர்வைசர். அவர் தன் அறையின் கண்ணாடித் தடுப்பைத் திறந்துகொண்டு வந்து, ஒரு பெயரைச் சொல்லி, "பாஸ்!" என்று உரக்கக் கத்தினார். ஒருத்தரும் திரும்பவில்லை. யாருடைய பெயர் அது என்று யாருக்கும் தெரியவில்லை.

"யாரு சார் அது?" என்று ஒரு பேப்பரே கேட்டாள்.

"நீதாம்மா!"

அப்புறம் அங்கே எழுந்த கூச்சலில் துவைக்கும் இயந்திரங்களின் சத்தமே அமுங்கிப்போனது. ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாம் ஓய்ந்ததும் ஒரு பேப்பருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. இத்தனை நல்லவர்களைப் போய் ஏமாற்றிவிட்டோமே. மேஜையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லணும். மேனேஜர் கொலை பண்ணல. பண்ணினது டீப்பொண்ணு" என்று போட்டு உடைத்தாள்.

இஸ்திரிக்காரி வாயில் கை வைத்தாள். முதலில் பேசியவர் சூப்பர்வைசர்தான். "அப்படிச் சொல்லு! அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு எனக்குத் தெரியும்!" என்றார், முகமெல்லாம் பல்லாக. கதைக்குள்ளிருந்து மேனேஜரே அவருக்கு நன்றி சொன்னதுபோல் நிமிர்ந்து நடந்து போனார்.

போலீஸ் அக்கா மட்டும் அசையவில்லை. "விரிப்பைப் பிடி" என்றாள். ஒரு பேப்பர் முனைகளைப் பிடித்தாள்.

"உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையாக்கா?"

"எனக்கு அன்னிக்கே தெரியும். சர்க்கரை போதும்னு அந்த ஆளு சொன்னதை அவளைத் தவிர வேற யாருடி கேட்டா? ஜலதோஷக்காரன் வீட்ல அத்தனை பேரையும் விசாரிக்கிறான், அவளை ஒரு வார்த்தை கேக்கல. அவ டீ எனக்கு வேணாம்னு சொன்னேனே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பெட் ஷீட்டுகளுக்கு நடுவே, கைதட்டலுக்கு நடுவே, அந்த வார்த்தை இப்போது அப்படியே காதில் விழுந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? நீ கல்யாணம் பேசி முடிச்சிட்டு மூஞ்சியெல்லாம் சிரிப்பா நிக்கிற. சொன்னா கதையை அங்கயே நிறுத்தியிருப்ப. நிறுத்தினா உன் பேப்பர் என்ன ஆகும்?" போலீஸ் அக்கா பாதியாக மடித்துக்கொண்டு நெருங்கி வந்தாள். "முதல் நாள் நான் எதுக்குடி கதை கேட்டேன்? செத்தவன் யாருன்னு எனக்கு என்ன கவலை? நாளைக்கு வந்து சொல்லுன்னு கேட்டாத்தான் நீ வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் தொறப்ப. இவளுங்ககிட்டயும் சொல்லி வச்சேன், தினம் ஏதாச்சும் கேளுங்கடின்னு. நாலு நாள் உனக்காகக் கேட்டாளுங்க. அதுக்கப்புறம் எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சு, அது வேற."

ஒரு பேப்பர் மடிப்பதை நிறுத்தினாள். தான் கதை சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இவர்களோ அவளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். கையில் இருந்த விரிப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

"அடியே! துவைச்ச விரிப்புடி, மூக்கைச் சிந்தாத!" என்று பிடுங்கினாள் போலீஸ் அக்கா. அவள் குரலும் அவ்வளவு சரியாக இல்லை.

விரிப்பு மறுபடி துவைக்கப் போயிற்று. அடுத்த விரிப்பை எடுத்தார்கள். பக்கத்து மேஜையிலிருந்து இஸ்திரிக்காரிதான் மெல்லக் கேட்டாள்.

"ஏன் ஒரு பேப்பர், அப்ப அவளை ஜெயில்ல போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

"தோட்டக்காரன்?"

எல்லாக் கைகளும் நின்றன. துண்டு எண்ணிக்கொண்டிருந்த சூப்பர்வைசரும் எண்ணிக்கையைத் தவறவிட்டார். புத்தகம் முடிந்துவிட்டது, பேப்பரும் முடிந்துவிட்டது. இனி அவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"காத்துக்கிட்டிருக்கான்" என்றாள் அவள். "வாரா வாரம் ரோஜா எடுத்துக்கிட்டுப் போய்ப் பாக்கறான்."

"முனையைச் சரியாப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு" என்றாள் போலீஸ் அக்கா.